கத்தாளை மீன் ஓசை எழுப்புவது தலைக் கல்லாலா?

தூண்டிற்காரன்:
நேற்று தூண்டிலில் ஒரு கத்தாளை மாட்டியது. முள்ளைக் கழற்றப் பிடித்தபோது "கொர்… கொர்…" என்று விட்டுவிட்டு ஒலித்தது. வாய் அசையவே இல்லை. அறுத்துப் பார்த்தால் தலைக்குள் பீங்கான் துண்டுபோல இரண்டு வெள்ளைக் கற்கள். அவை உரசித்தான் ஓசை வருகிறதா?

கரையோரம்:
அப்படித்தான் நானும் கேள்விப்பட்டிருக்கிறேன்.

செவிக்கல்:
இல்லை நண்பரே. மீனைப் பிடித்திருந்தபோது உங்கள் விரல்கள் அதிர்ந்தது நினைவிருக்கிறதா? அடிவயிற்றுப் பக்கம் அல்லவா? ஓசை பிறக்கும் இடம் அதுதான். காற்றுப்பையை ஒட்டிய தசைகள் படபடவென்று சுருங்கி விரியும். பை முரசின் தோல்போல அதிரும். ஆங்கிலத்தில் இந்தக் குடும்பத்துக்கு முரசு என்றே பெயர். பெரும்பாலான இனங்களில் ஆணுக்கு மட்டுமே அந்தத் தசை உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் அது தடிக்கும். அந்தி சாயும் வேளையில் பெண் மீனை அழைக்கும் குரல் அது. உங்கள் கையில் ஒலித்தது அச்சத்தின் குரல்.

கற்கள் ஓசை எழுப்ப அல்ல, கேட்கவும் உடல் நிலைகுலையாமல் இருக்கவும். மரத்தில் இருப்பதுபோல அவற்றில் ஆண்டு வளையங்கள் உண்டு. வட அமெரிக்க நன்னீர் ஏரிகளில் வாழும் முரசு மீன் 70 ஆண்டைத் தாண்டியும் வாழும் என்பது இந்தக் கற்களின் வளையங்களை எண்ணித்தான் தெரிந்தது.

எனக்கு வேதனை தருவது வேறொன்று. கூட்டமாகக் கத்துவதால் இவை இருக்கும் இடம் தெரிந்துவிடுகிறது. படகு விளிம்பில் கட்டைகளால் தட்டி, அந்த அதிர்வில் சீனக் கடலின் பெரிய மஞ்சள் கத்தாளையை மயங்க வைத்து அள்ளினார்கள். குஞ்சுகளும் தப்பவில்லை, அந்த வளமே சரிந்துபோனது. கலிபோர்னியா வளைகுடாவில் மட்டும் வாழும் டோட்டோவாபா என்ற கத்தாளை இனத்தைப் பிடிக்க மெக்சிகோ 1975இல் தடை விதித்தது. இன்றும் காற்றுப்பைக்காக அதைத் திருட்டுத்தனமாகப் பிடிக்கிறார்கள். அதற்காக விரிக்கும் வலைகளில் சிக்கி வகீட்டா என்ற சிறிய கடற்பன்றி ஏறக்குறைய அழிந்தேவிட்டது.

தூண்டிற்காரன்:
ஆம், அடிவயிற்றில்தான் அதிர்ந்தது! நன்றி. கற்களைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். வளையங்களை எண்ண முடியுமா?

செவிக்கல்:
முழுக் கல்லில் தெரியாது. நடுப்பகுதியைக் குறுக்கே மெல்லிய சீவலாக அறுத்து, நுண்ணோக்கியில் பாருங்கள். முதல் கல் உடைந்தாலும் கவலை வேண்டாம், இன்னொன்று இருக்கிறது.