நின்றுபோன பென்ஸை எழுப்பியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காரைக்குடியிலிருந்து

நம் ஊர்ப் பக்கம் பழைய பென்ஸ் ஓடிக் கெடுவதை நான் அதிகம் பார்த்ததில்லை. நின்றேதான் கெடுகின்றன. வீட்டைப் பூட்டிச் சாவியைக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டுச் சென்னைக்கோ கோலாலம்பூருக்கோ போய்விடுகிறோம். கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு), கோயில் காரியம் என்று வரும்போதுதான் கார் கொட்டகைக் கதவு திறக்கிறது. பெயின்ட் பளபளவென்று இருக்கும், மீட்டரில் கிலோமீட்டரும் குறைவாக இருக்கும். உள்ளே ரப்பர், ஆயில், பிரேக் ஆயில் எல்லாவற்றுக்கும் வயதாகிக்கொண்டே இருக்கும்.

தை மாதம் கோனாப்பட்டுப் பக்கம் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். 240டி, அதாவது பென்ஸின் டபிள்யூ 123 வரிசையில் வந்த டீசல் கார். தங்கை மகள் கல்யாணத்துக்காக வெளிநாட்டிலிருந்து வந்திருந்த அண்ணன், வாடகைக் காரிலிருந்து கேபிள் போட்டு செல்ஃப் அடிக்கத் தயாராக நின்றார். "அண்ணே, இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கங்க" என்று கேட்டுக்கொண்டேன். நல்ல மனுஷர், பொறுத்துக்கொண்டார்.

முதலில் எலி. ஏர் கிளீனர் மூடியைக் கழற்றினால் உள்ளே பஞ்சும் வேப்பங்கொட்டையும். அப்படியே ஸ்டார்ட் செய்திருந்தால் அதெல்லாம் இன்ஜினுக்குள் போயிருக்கும். அடுத்து இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்தோம். கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் 27 எம்எம் சாக்கெட் போட்டு, முன்னால் நின்று பார்க்கையில் கடிகார முள் போகும் திசையில் மட்டும் திருப்ப வேண்டும். மேலே இருக்கும் கேம் போல்ட் கைக்கு எட்டுகிறதே என்று அதில் ஸ்பேனர் போடக் கூடாது. சுற்றியது. பாதி நிம்மதி அங்கேயே வந்துவிட்டது.

டேங்கில் இருந்த டீசலை முழுக்க இறக்கினோம். டேங்கின் அடியில் ஒரு வலை வடிகட்டி இருக்கிறது, பல பேர் அதைத் தொடுவதே இல்லை. கறுப்புக் கசடு அடைத்துக் கிடந்தது. அதைக் கழுவி மாட்டி, இன்ஜினுக்கு முன்னால் வரும் சின்ன பிளாஸ்டிக் பில்டர், பெரிய பில்டர் இரண்டையும் புதிதாகப் போட்டோம். கைப்பம்பு அடித்து டீசலை ஏற்றும்போது பம்பைச் சுற்றிக் கசிந்தது. பழைய மாடல் கைப்பம்பு கசிவது சகஜம். புதிய வகை விலை அதிகமில்லை, மாற்றிவிடுங்கள்.

ஆயில் மாற்றிய பிறகும் நேரே ஸ்டார்ட் செய்யவில்லை. பானெட்டுக்குள் "ஸ்டாப்" என்று எழுதிய லிவர் ஒன்று இருக்கும். அதை ஒருவர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் செல்ஃப் அடித்தால் டீசல் போகாமல் இன்ஜின் மட்டும் சுற்றும், ஆயில் மேலே ஏறும். டேஷ்போர்டில் ஆயில் முள் அசைந்த பிறகுதான் லிவரை விட்டோம். அப்புறம் ஹீட்டர் விளக்கு அணையும் வரை காத்திருந்து சாவியைத் திருப்பினால் இரண்டாவது அடியில் பிடித்துக்கொண்டது. வளவில் இருந்த ஆச்சிமார் எல்லோரும் முகப்புக்கு வந்துவிட்டார்கள்!

ஆனாலும் கல்யாணத்துக்கு அந்தக் காரை எடுக்க வேண்டாம் என்று சொன்னேன். டயரில் பட்டன் புதிது மாதிரி இருந்தது, பக்கவாட்டில் 1409 என்று போட்டிருந்தது. 2009-ஆம் வருடம் 14-ஆவது வாரத்தில் செய்த டயர். பிரேக் ஹோஸ் வெளியே நன்றாகத்தான் தெரிந்தது. உள்ளே ரப்பர் உப்பிவிட்டால், மிதிக்கும்போது ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. சக்கரம் பிடித்தபடியே நிற்கும். இந்தக் காரில் முன் இடது சக்கரம் அப்படித்தான் இருந்தது. ஸ்டார்ட் ஆனதும் வண்டி தயார் என்று நினைப்பதுதான் எனக்குப் பயம். நிற்க வைக்கும் பாகங்களை முதலில் பாருங்கள், ஓட வைப்பதை அடுத்து பார்க்கலாம்.

பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. சார்ஜ் இறங்கிக் கிடக்கும் ஈய பேட்டரியில் சல்பேட் படிந்து இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. பேட்டரியையும் துருவையும் 1953 முதல் ஆராய்ந்து வரும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அந்த ஊரின் கொட்டகைகளில் வீட்டுக்கு ஒரு பேட்டரி இப்படி வீணாவது எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஊருக்குப் போகும்போது நெகட்டிவ் கேபிளையாவது கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

தேவகோட்டையிலிருந்து

எங்களுடையது டபிள்யூ 124, 230ஈ பெட்ரோல். அப்பச்சி (அப்பா) மலேசியாவிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. அப்பச்சிக்குப் பிறகு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன், பெண்கள் யாராவது தயங்கிக்கொண்டிருந்தால் உதவும்.

ஏபிஎஸ் விளக்கு எரிந்தது. சில நாள் எரியும், சில நாள் எரியாது. விளக்கு எரியும் நாட்களில் ஐட்லிங்கும் சரியாக இருக்காது. வெளியூரில் ஒரு பெரிய பட்டறையில் காட்டியபோது ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். பிரேக்குக்கும் ஐட்லிங்குக்கும் ஒரே நேரத்தில் எப்படிக் கேடு வரும் என்பதுதான் எனக்கு உறுத்தியது. இரண்டுக்கும் மின்சாரம் ஒரே இடத்தின் வழியாகப் போகிறதா என்று ஒயரிங் படத்தில் தேடினேன். போகிறது. பேட்டரிக்குப் பக்கத்தில், தடுப்புக்குப் பின்னால், மேலே பியூஸ் செருகிய ஒரு அலுமினிய டப்பா ரிலே இருக்கிறது. மின்னழுத்தம் கூடினால் கம்ப்யூட்டர் எரிந்துபோகாமல் காப்பது அதன் வேலை. பெட்ரோல் இன்ஜெக்ஷன் கம்ப்யூட்டருக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் அதிலிருந்துதான் கரண்ட் வருகிறது.

பியூஸ் நன்றாக இருந்தது. டப்பாவைத் திறந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஈயப் பற்றில் மெல்லிய வட்ட விரிசல். டிவி ரிப்பேர் செய்யும் தம்பி ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். திரும்பப் பற்றவைத்துக் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். விளக்கு அணைந்தது, ஐட்லிங்கும் சரியானது. இது தற்காலிகம்தான் என்று தெரியும், அதனால் பிறகு புது ரிலே வாங்கிப் போட்டுவிட்டு, பற்றவைத்ததை டிக்கியில் ஸ்பேராக வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, கொட்டகைக்குப் பக்கத்தில் வேப்பமரம் உள்ளவர்களுக்கு. இந்த மாடலில் முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் இலை சேர்ந்து தண்ணீர் போகும் துளைகளை அடைத்துவிடும். ஐப்பசி மழையில் தண்ணீர் ஏசி புளோயர் பக்கம் இறங்கி, கால் வைக்கும் இடம் நனையும். சன்ரூஃப் இருந்தால் அதன் நான்கு மூலைக் குழாய்களையும் பாருங்கள். காற்றை வேகமாக அடிக்காதீர்கள், குழாய் உள்ளே கழன்றுகொள்ளும். மெல்லிய நைலான் ஒயர் போதும். ஒற்றை வைப்பரைத் தூக்கி இறக்கும் அமைப்புக்கும் கிரீஸ் வையுங்கள். காய்ந்து இறுகிவிட்டால் மோட்டாரையும் சேர்த்துக் கெடுக்கும்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு காரை ஓட்டாமல் நிறுத்தி வைப்பது இன்னும் கெடுதல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ்களுக்கும் ஆகாது. நான் எல்லா பெட்ரோல் ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட்டேன். பெட்ரோல் வாசம் கொஞ்சம் வந்தாலும் வண்டியை எடுப்பதில்லை.

கோட்டையூரிலிருந்து

சின்ன அனுபவம். 300டி டீசல். பிள்ளையார்பட்டி கோயில் வாசலில் சாவியை எடுத்துவிட்டேன், இன்ஜின் நிற்கவில்லை! ஓடிக்கொண்டே இருந்தது. கூட்டம் கூடிவிட்டது. மேலே சொன்ன அதே ஸ்டாப் லிவரை அழுத்தித்தான் நிறுத்தினேன்.

இந்த டபிள்யூ 123 டீசல்களில் இன்ஜினை நிறுத்துவதே வேக்கம்தான், அதாவது குழாய்களில் காற்றை உறிஞ்சி உண்டாக்கும் இழுவிசை. சென்ட்ரல் லாக்கும் அதே வேக்கத்தில் வேலை செய்கிறது. ஏதோ ஒரு கதவில் லீக் இருந்தால் இன்ஜின் நிற்காது. கதவுப் பூட்டுக்குப் போகும் குழாயைப் பிரித்து முனையை அடைத்துப் பார்த்தேன், இன்ஜின் உடனே நின்றது. அப்படியானால் குற்றம் கதவுகளில் என்று புரிந்தது. ஒவ்வொரு கதவாக அடைத்துப் பார்த்ததில் பின் வலது கதவின் ரப்பர் டயாஃப்ரம் கிழிந்திருந்தது. செலவு பெரிதில்லை. வேக்கம் பம்பை மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் இந்தச் சோதனையை முதலில் செய்யுங்கள்.

காரைக்குடியிலிருந்து, மறுபடியும்

ஸ்பேர் எப்படி வாங்குவது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். மாடல் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள், சேஸிஸ் நம்பரை வைத்து வாங்குங்கள். 17 இடத்து நம்பர் என்றால் டபிள்யூடிபி என்ற மூன்று எழுத்துக்குப் பிறகு வரும் ஆறு எண்கள்தான் மாடல். 123123 என்றால் 240டி, 124023 என்றால் 230ஈ. அதற்கு அடுத்த எண் 2 என்றால் வலது பக்க ஸ்டியரிங், 1 என்றால் இடது. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் வாங்கி வரும் ஸ்பேர் பல சமயம் இடது ஸ்டியரிங் காருக்கானது. ஸ்டியரிங், பெடல், குழாய் சம்பந்தப்பட்ட பாகம் என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

பாகத்தின் நம்பர் ஏ என்ற எழுத்தும் பத்து எண்களுமாக இருக்கும். அதைத் தெரிந்துகொண்டால், அதே பாகத்தை லெம்ஃபோர்டர், சாக்ஸ், போஷ், மான் போன்ற பாகத் தயாரிப்பாளர்களின் சொந்தப் பெயரில், பென்ஸ் கம்பெனிப் பெட்டி இல்லாமல் தேடலாம், விலை நன்றாகக் குறையும். பல்புச் சட்டம், கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஏற்றும் அமைப்பு போன்றவற்றைச் சென்னை புதுப்பேட்டையில் பழையதாகவே தேடலாம். ஆனால் பழைய ரப்பர், பழைய பிரேக் பாகம், பழைய வேக்கம் டயாஃப்ரம் எந்த விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். நம் லேத் பட்டறைக்காரர்கள் கைதேர்ந்தவர்கள். பித்தளை புஷ், ஸ்டட், ஸ்பேசர் எதுவும் அழகாகக் கடைந்து கொடுப்பார்கள். சஸ்பென்ஷன் ரப்பர் புஷ்ஷை மட்டும் டயர் ரப்பரில் வெட்டிப் போட விடாதீர்கள், ரோட்டில் கார் நிலைகொள்ளாது.

அப்புறம் தண்ணீர். போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றவே ஊற்றாதீர்கள். நம் பக்கத்துத் தண்ணீரின் உப்பு வீட்டுப் பித்தளை அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் இன்ஜின் பிளாக்குக்குள்ளும் நடக்கும். டிஸ்டில்டு வாட்டரும் இந்தக் காருக்கான கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. வேறு நிறக் கூலன்ட்டோடு கலக்க வேண்டாம். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் மாட்டும் பிளாஸ்டிக் மூக்கு வயதானால் நொறுங்கும், கிளாம்பை அளவுக்கு மேல் முறுக்காதீர்கள்.

டபிள்யூ 123 டீசல் வைத்திருப்பவர்கள் 24,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை வால்வு இடைவெளி பாருங்கள். டர்போ இல்லாத 240டி, 300டி என்றால் குளிர்ந்த இன்ஜினில் இன்டேக் 0.10 எம்எம், எக்ஸாஸ்ட் 0.30 எம்எம். ஒரு பீலர் கேஜும் இரண்டு 14 ஸ்பேனரும் இருந்தால் ஒரு காலை வேளையில் வீட்டிலேயே முடிந்துவிடும். குளிர்காலத்தில் ஸ்டார்ட்டிங் கஷ்டம் என்று ஹீட்டர் பிளக் மாற்றுபவர்கள் இதை முதலில் பார்த்தால் நல்லது.

புதுவயல்காரர் ஒருவர், அறுபதில் போகும்போது சீட்டுக்கடியில் டொக் டொக் என்று சத்தம் வருகிறது என்று தனியாகக் கேட்டிருந்தார். புரோபெல்லர் ஷாஃப்ட்டின் இரு முனையிலும் இருக்கும் ரப்பர் கப்ளிங்கைப் பாருங்கள், போல்ட் துளைகளைச் சுற்றி வெடிப்பு இருக்கும். கூடவே கியர்பாக்ஸ் மவுன்டிங்கையும், ஷாஃப்ட்டின் நடு பேரிங் ரப்பரையும் பாருங்கள். கழற்றுவதற்கு முன் இரண்டு துண்டுகளுக்கும் சேர்த்துப் பெயின்ட்டில் கோடு போட்டுக்கொள்ளுங்கள், அதே நிலையில் மாட்டாவிட்டால் அதிர்வு வரும். லாக் நட் எல்லாம் புதிது போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு நான்கு வேண்டும். இல்லையென்றால் என்னிடம் இருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.