பலூன்ல தொங்குற லைட் சோர்ஸ், குளிர்ல ரீடிங் சரியுது

வான்பித்தன்: டெலஸ்கோப் கேலிப்ரேஷனுக்கு, அதாவது அதோட அளவைச் சரிபாக்க, ஒரு பலூன் பேலோட் (பலூன்ல தொங்கவிடற கருவி) பண்றோம். இன்டக்ரேட்டிங் ஸ்பியர் (வெளிச்சத்தை உள்ளயே சிதறடிச்சு சமமா வெளிய விடற உருண்டை), உள்ள லேசர் டயோடு, வெளிச்சத்தை அளக்க ஒரு சிலிக்கான் ஃபோட்டோடயோடு. ரூம்ல ரீடிங் ஆடாம நிக்குது, குளிர் பெட்டிக்குள்ள வச்சா 1000 நானோமீட்டர்ல மட்டும் இறங்குது, 500ல அசையவே இல்ல. லேசரா, டிடெக்டரா?

ஒளிக்கீற்று: பெரும்பாலும் டிடெக்டர்தாங்க. சிலிக்கான் 1100 நானோமீட்டர் தாண்டினா கண்ணு தெரியாத மாதிரி, குளிர்ந்தா அந்த எல்லை 1100ல இருந்து இன்னும் கீழ இறங்கும், அதான் 1000ல அடி வாங்குது. சின்ன ஹீட்டர், சூட்டை அளக்கற தெர்மிஸ்டர் போட்டு ஒரே சூட்டுல வைங்க. லேசரையும் சேர்த்து, அதோட அலைநீளமும் சூட்டுக்கு ஏத்தபடி நகரும்.

மேகத்துக்குமேல: குளிர் மட்டும் பாத்தா போதாது. 30 கிலோமீட்டர்ல காத்தழுத்தம் தரையில இருக்கறதுல 1 சதவீதம்தான், சூட்டை எடுத்துட்டுப் போக காத்தே இல்ல, வழியில மைனஸ் 60ல நடுங்கின போர்டு மேல போனதும் தன்னோட சூட்டுலயே வெந்துடும். வேக்குவம் சேம்பர்ல (காத்தை உறிஞ்சி எடுத்த பெட்டியில) ஓட்டிப் பாக்காம தயவுசெஞ்சு பறக்க விடாதீங்க.

ஒளிக்கீற்று: இன்னொண்ணு, டெலஸ்கோப்புல இருந்து பலூனுக்கு உள்ள தூரம். 30 கிலோமீட்டர்ல 30 மீட்டர் தப்பினா வெளிச்சக் கணக்குல 0.2 சதவீதம் போச்சு. அந்த தூரத்துக்கு ஜிபிஎஸ் வேணும், ஆனா சில ஜிபிஎஸ் 18 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல வேலையே செய்யாது, வாங்கறப்பவே பாருங்க. பேலோட் 5 டிகிரி சாஞ்சாலும் 0.4 சதவீதம் குறையும், அதனால சாய்வையும் பதிவு பண்ணணும்.

வான்பித்தன்: ஹீட்டர் போட்டேன், 1000 இப்ப நிக்குது! ரொம்ப நன்றிங்க. ஜிபிஎஸ்தான் மாத்தணும், நம்மளது 18லயே நின்னுடும்.