பொருள்: காய்ந்தே கிடக்கும் குளத்துக்கு ஒரு பெயர்

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பகுதி சபைக் கூட்டத்தில் கொடுப்பதற்காக மழைநீர் பற்றி ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் ஓடியது, இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டேன். ஒன்று டிடென்ஷன் பேசின், இன்னொன்று ரிடென்ஷன் பாண்ட். கணினியிடம் கேட்டால் முதலாவதைத் 'தடுப்புக்காவல் படுகை' என்கிறது. மழையைக் குண்டர் சட்டத்தில் உள்ளே தள்ளிய மாதிரி இருக்கிறது! ஸ்டார்ம்வாட்டரைப் 'புயல் நீர்' ஆக்கியது. நல்லவேளை, அதை 'மழைநீர் வடிகால்' என்று மாநகராட்சியே எப்போதோ தீர்த்துவைத்துவிட்டது.

நானாகத் 'தடுப்புக் குளம்', 'தேக்கக் குளம்' என்று போட்டுப் பார்த்தேன். எது எதற்கு என்று எனக்கே மறந்துபோகிறது. உதவுங்கள்.

அன்புடன்,
வேளச்சேரியிலிருந்து

*

வணக்கம் அம்மா.

இரண்டிலும் 'குளம்' வைத்திருக்கிறீர்கள், சிக்கல் அங்கேதான். ரிடென்ஷன் பாண்டில் எப்போதும் தண்ணீர் நிற்கும். அதற்குக் குளம் என்ற பழைய பெயரே போதும். மற்றது, அதாவது டிடென்ஷன் பேசின், குளமே இல்லை. வருடத்தில் பெரும்பாலான நாள் அது புல் முளைத்த பள்ளம், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். பெருமழையில் நிறையும். அடியில் உள்ள சின்னத் துளை வழியாக ஒன்றிரண்டு நாளில் வடிந்து, அடுத்த மழைக்குக் காலியாகிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. அதில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 22,300 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏறக்குறைய இரண்டு லாரி. மண்தரையாக இருந்தபோது அதில் ஒரு பங்கு உள்ளே இறங்கும், மிச்சம் புல்லிலும் பள்ளத்திலும் தங்கித் தங்கி வரும். வீடு கட்டி, சுற்றிலும் சிமெண்ட் போட்ட பிறகு அத்தனையும் உடனே தெருவுக்கு வந்துவிடுகிறது. தெருவில் நூறு வீடு. எல்லார் வீட்டுத் தண்ணீரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பதைத்தான் வடிகால் சமாளிக்க முடியாமல் திணறுகிறது. கல்யாண வீட்டில் முதல் பந்தி எழுந்திருக்கும்வரை அடுத்த பந்திக்காரர்களை முன்கூடத்தில் உட்கார வைப்போமே, அந்த முன்கூடம்தான் நீங்கள் கேட்கும் பொருள்.

இதன் உறுப்புகளுக்குப் பெயர் தேடி அலைய வேண்டாம். கரை உண்டு. அடித்துளைக்குத் தூம்பு. கொள்ளளவை மீறினால் வழிந்தோட கலங்கல், தெற்கே கலுங்கு என்பார்கள். நம் ஏரிகளின் குமிழித்தூம்பில் (ஏரிக்குள் அமைந்த மதகு) தண்ணீர் போகும் நீரோடித் துளை தனி, சேறு போகும் சேறோடித் துளை தனி. ஒரே வேறுபாடு, ஏரித்தூம்பை வேண்டும்போது திறப்போம், இந்தத் தூம்பை மூடுவதே இல்லை.

பெயருக்கு என் முன்மொழிவு: தாங்கல். சிற்றேரிக்குத் தொண்டை மண்டலத்தில் இருந்த சொல். வேடந்தாங்கல், பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் எல்லாம் அப்படி வந்தவை. பாரம் தாங்குவது, அடி தாங்குவது என்ற பொருளும் கூடவே வருகிறது.

ஓய்வுபெற்ற பொறியாளன்

*

ஐயா, தூம்பும் கலுங்கும் அருமை. தாங்கலில்தான் எனக்கு மனத்தாங்கல்.

நீங்கள் சொன்ன மூன்றில் வேடந்தாங்கலில் பறவை இருக்கிறது, சரி. மற்ற இரண்டும் சென்னைக்காரர் காதில் ரயில் நிலையமும் பஸ் டிப்போவும்தான். தண்ணீர் யாருக்கும் ஞாபகம் வராது. அதைவிட முக்கியம், தாங்கல் பாசனத்துக்குத் தண்ணீர் வைத்திருந்த ஏரி. காய்ந்த தாங்கல் என்றால் செத்த தாங்கல் என்றுதான் ஊர் நினைக்கும். நினைத்தால் அப்புறம் என்ன ஆகும் என்று சென்னைக்குத் தெரியாதா? மாம்பலத்தின் நெடிய ஏரியை 1920களில் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, வியூதான் இல்லை.

எங்கள் பக்கம் ஏந்தல் என்போம், முத்தனேந்தல் மாதிரி. ஆனால் அதுவும் நீர்நிலைதான். காய்ந்திருப்பதைக் குறையாகக் காட்டாத சொல் வேண்டும் என்றால் 'மழைத்திடல்' எப்படி? திடல் என்றதும் விளையாடும் இடம் என்று புரியும்.

சிவகங்கையிலிருந்து

*

வணக்கம். சிங்கப்பூரிலிருந்து ஒரு சிறு குறிப்பு. பீஷான் அங் மோ கியோ பூங்காவில் 2.7 கி.மீ. நீளக் கான்கிரீட் கால்வாயை உடைத்து, வளைந்து ஓடும் ஆறாக 2012இல் மாற்றினார்கள். சாதாரண நாளில் ஆற்றோரப் புல்வெளியில் மக்கள் உட்கார்ந்திருப்பார்கள், மழையில் அந்தப் புல்வெளியும் ஆறாகிவிடும். தண்ணீர் ஏறும்போது எச்சரிக்கை விளக்கும் ஒலியும் உண்டு. மக்கள் அதைப் பூங்கா என்றே சொல்கிறார்கள். சென்னையிலும் பூங்காக்களுக்குள் பள்ளம் தோண்டி 'ஸ்பாஞ்ச் பார்க்' என்கிறார்களே, அதையே 'பஞ்சுப் பூங்கா' என்று வைத்துவிட்டால் வேலை முடிந்ததே?

*

சிவகங்கைத் தம்பி சொன்னதை ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பாதி ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் பஞ்சு. பஞ்சு உறிஞ்சும். பெசன்ட் நகர் மணலில் தோண்டினால் தண்ணீர் சுர்ரென்று இறங்கிவிடும், அங்கே அந்தப் பெயர் பொருந்தும். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் களிமண். மழைக்காலத்தில் நிலத்தடி நீரும் கையெட்டும் ஆழத்துக்கு வந்துவிடும். அங்கே உறிஞ்ச என்ன இருக்கிறது? நிறுத்தி வைத்து அனுப்பத்தான் முடியும். இரண்டு வேலைக்கும் ஒரே பெயர் வைத்தால், களிமண் பூங்காவில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து 'திட்டம் தோல்வி' என்று எழுதிவிடுவார்கள். கொசு வரும் என்றும் சொல்வார்கள். முட்டை கொசுவாக ஒரு வாரமாவது வேண்டும். ஒழுங்காகத் தூர்வாரிய தூம்பு ஒன்றிரண்டு நாளில் வடித்துவிடும். தூம்பு அடைத்துக்கொண்டால் புகார் நியாயம்தான்.

அடுத்து திடல். தஞ்சாவூர்ப் பக்கம் திடல் என்றால் தண்ணீர் ஏறாத மேடு. வெள்ளம் வந்தால் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்க் கட்டும் இடம். பள்ளத்துக்கு அந்தப் பெயரை வைத்தால் டெல்டாக்காரன் சிரிப்பான்.

ஆனால் தம்பியின் பயம் சரியான பயம். நம் ஊரில் சும்மா கிடக்கும் நிலத்துக்கு மரியாதை கிடையாது. வரி விதிப்புக்கு வெளியே நின்ற பொது நிலத்தைக் குறித்த 'புறம்போக்கு' இன்று வசவுச் சொல். இப்போது 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டினால், சாலை போக மீதியில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும். 10,000ஐத் தாண்டினால் உள்ளாட்சி அமைப்புக்குத் தானப்பத்திரமே எழுதித் தர வேண்டும். ஓ.எஸ்.ஆர். (ஓபன் ஸ்பேஸ் ரிசர்வேஷன்) இடம் என்கிறோமே, அதுதான். புதிதாகப் பள்ளம் எடுக்க ஊருக்குள் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அந்தத் துண்டுகள்தான். அதைக் காகிதத்தில் 'காலி இடம்' என்று எழுதினால் நாளைக்கு ஒரு சமுதாயக் கூடமோ மேல்நிலைத் தொட்டியோ அதில் ஏறி உட்கார்ந்துவிடும். கட்டுகிறவர்களும் நல்ல எண்ணத்தில்தான் கட்டுவார்கள். அந்த நிலம் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

ஆகவே தம்பியின் 'மழை'யையும் என் 'தாங்கலை'யும் சேர்த்துவிடுவோம்: மழைத்தாங்கல். பெயரிலேயே மழை இருப்பதால், மழையில்லாத நாளில் காய்ந்து கிடந்தால் குறையாகத் தெரியாது. பழைய தாங்கல்களோடு பதிவேட்டில் குழம்பாது. நிறுத்தி அனுப்பும் வேலையை 'தாங்கிவிடுதல்' என்று வினையாக்கலாமா என்றுகூட யோசித்தேன். காதுக்கு நன்றாக இல்லை, வேண்டாம்.

ஓய்வுபெற்ற பொறியாளன்

*

ஐயா, மழைத்தாங்கல் எனக்கும் சரி. மழை மீது மனத்தாங்கல் என்று யாராவது படித்தால் அதுவும் டிசம்பர் மாதத்தில் பொருந்தித்தான் போகும். 'ஓபன் ஸ்பேஸ்' என்பதற்குத் 'திறந்தவெளி' எனக்கு உறுத்துகிறது. கழிப்பறை விளம்பரம்தான் நினைவுக்கு வருகிறது. மந்தைவெளி மாதிரி வெறும் 'வெளி' போதாதா?

சிவகங்கையிலிருந்து

*

அனைவருக்கும் நன்றி. 'வெளி' அழகுதான் தம்பி, ஆனால் விதிகளில் திறந்தவெளி என்று இருப்பதை நான் மாற்றினால் மனு எழுதும்போது மக்கள் மாட்டிக்கொள்வார்கள். அதை விட்டுவிட்டேன்.

மழைத்தாங்கலை நேற்று எங்கள் குடியிருப்பில் சிலரிடம் வாசித்துக் காட்டினேன். சொல்லை யாரும் விளக்கச் சொல்லவில்லை. கீழ்வீட்டு அக்கா மட்டும், "அப்போ மழை இல்லாதப்ப அங்க கார் நிறுத்தலாமா?" என்று கேட்டார். ஆகவே கையேட்டோடு ஒரு பலகை வாசகமும் சேர்த்திருக்கிறேன். திருத்திக் கொடுங்கள்:

'இது மழைத்தாங்கல். மழை இல்லாத நாளில் விளையாடலாம். மழை நாளில் உள்ளே இறங்காதீர்கள். வண்டி நிறுத்தாதீர்கள், மண் கொட்டாதீர்கள். தூம்பு அடைத்திருந்தால் வார்டு அலுவலகத்தில் சொல்லுங்கள்.'

அப்புறம், சாலையோரம் புல் வளர்த்து மழைநீரை மெல்ல நடத்திக் கூட்டிப்போகும் அகலமான வாய்க்காலுக்குப் பயோஸ்வேல் என்கிறார்கள். வரத்துக்கால் என்று போடலாமா, அல்லது அது ஏரிக்குப் போவதற்கு மட்டும்தானா?

வேளச்சேரியிலிருந்து