அரைப் பேர் வேலைக்கு முழுப் பேரா?

தலவாக்கலைத் தம்பி:

வீட்டில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் சொல்லுங்கள்.

அண்ணன் டுபாயிலிருந்து லீவில் வந்தபோது டிவியில் மாட்டி கேம் விளையாடும் 'ஸ்விட்ச்' பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். அதில் 'வெண்பா' கேமை வாங்கினேன். 2023இல் வந்தது. டொரொன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு செய்தது. 1988இல் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன ஒரு குடும்பத்தின் கதை. அம்மா பெயர் வெண்பா, மகன் கவின். சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கும். விடுபட்டதை நாமே யோசித்துக் கண்டுபிடித்து இட்லி, புட்டு, பிரியாணி என்று சமைக்க வேண்டும். அமெரிக்கக் கணக்கில் முழு விலை, 14.99 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் ஏறக்குறைய 4,500. அம்மாவின் நாள் சம்பளம் அப்போது 1,350. தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு 'பேர்' என்போம்; அதாவது மூன்று பேருக்கும் மேலே.

ஏழு மணிக்கு டிவியில் மாட்டினேன். எட்டரைக்குப் பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. அடுப்பில் சோறுகூட இறங்கவில்லை.

அப்பா கேட்டார்: "என்னடா, முடிஞ்சிருச்சா? அரைப் பேர் வேலைக்கு முழுப் பேர் கேக்கிறானா அவன்?"

(தேயிலைத் தோட்டம் தெரியாதவர்களுக்கு: சொன்ன கிலோவுக்குக் கொழுந்து எடுக்காவிட்டால் அன்றைக்கு அரைப் பேர்தான் விழும். பாதிச் சம்பளம். மழை, பனி, இலை இல்லாத மலை என்று எதைச் சொன்னாலும் தராசு கேட்காது.)

எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் அம்மா பாயில் உட்கார்ந்து போஞ்சி நறுக்கிக்கொண்டே பார்த்திருக்கிறார். புட்டு செய்யும் இடத்தில் நான் தடுமாறியபோது கத்தி நின்றது. "சில்லு போடாம மாவைக் கொட்டுறியே, எல்லாம் தண்ணிக்குள்ள போயிரும்" என்றார். அதுவரை நான் விளையாடும் எதையும் அவர் ஏறிட்டுப் பார்த்ததில்லை. கடைசிப் பகுதிக்கு முன்னால் சோற்றைப் பார்க்க எழுந்து போய்விட்டார். மறுநாள் விடியக்காலை, கூடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று கேட்கிறார்: "அந்தப் பையன் கடைசியில அம்மாவப் பாக்க வந்தானா?"

கண்டிக் கணக்கன்:

நான் உங்கள் அப்பா பக்கம். எனக்குக் கணக்கு ஒன்றுதான்: விலையை மணியால் வகு. பேய் வேட்டையாடும் 'விட்சர் 3' கேமில் முக்கியக் கதை மட்டுமே 50 மணி நேரம் இழுக்கும். அதைத் தள்ளுபடியில் பிடித்தேன். மணிக்கு ஒரு பிளேன்டீ விலைகூட வராது.

முடித்தாயா என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம். 2022இல் ஆரம்பித்தேன். மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. வந்த நேரத்தில் போனை சார்ஜ் போடுவதா, சட்டை அயர்ன் பண்ணுவதா, பேயை வெட்டுவதா? இன்னும் அந்தக் கேமில் வரும் வெலன் என்ற ஊர்ச் சேற்றில்தான் குதிரையோடு நிற்கிறேன்.

மஸ்கெலியா டீச்சர்:

தம்பி, நான் கேம் விளையாடுகிற ஆள் இல்லை. மருமகன் லெப்டொப்பில் 'எ ஷோர்ட் ஹைக்' என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். 2019இல் வந்தது, ஆடம் ராபின்சன்-யூ என்பவர் செய்தது, 7.99 டொலர். கிளேர் என்று ஒரு சின்னப் பறவை. ஒரு முக்கியமான போன் கோலுக்குக் காத்திருக்கிறது, இருக்கும் இடத்தில் சிக்னல் இல்லை. மலை உச்சிக்கு ஏறினால்தான் கிடைக்கும். அவ்வளவுதான் கதை.

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. 2021இல் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது நாங்கள் செய்ததே அதுதானே! எங்கள் டிவிஷனில் மேல்மலைப் பாறைக்குப் போனால்தான் இரண்டு கோடு வரும். உரச்சாக்கை விரித்து உட்காருவோம். ஒரு போனைச் சுற்றி ஆறு பிள்ளைகள். குடையைப் பிடிப்பது பிள்ளைகளுக்காக இல்லை, போனுக்காக. ஒரு பையன் பாடத்தைக் கேட்டுக்கொண்டே காலில் ஏறிய அட்டைக்குச் சவர்க்காரம் தடவிக்கொண்டிருப்பான். கணக்குப் பாடம் வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக வந்து சேர்வதற்குள் பனி இறங்கிவிடும்.

ஒன்றரை மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விட்டேன். அது இன்னும் நீளமாக இருந்திருந்தால் நான் பாதியில் விட்டிருப்பேன், பொய் சொல்லவில்லை. ஒரு குறை: அந்தப் பறவைக்கு இறக்கை இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் வழுக்கி வழுக்கி இறங்கினார்கள்.

பதுளைப் பக்கம்:

ஒரு தப்பை ஒத்துக்கொள்கிறேன். ஸ்டீம் என்ற ஒன்லைன் கேம் கடையில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். 'கோன் ஹோம்' வாங்கினேன். ஆளில்லாத வீட்டில் லாச்சி லாச்சியாகத் திறந்து, அந்த வீட்டுத் தங்கை எங்கே போனாள் என்று தேடுவது. ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் முடித்தேன். பிடிக்கவும் செய்தது. அப்புறம் காசைத் திருப்பி வாங்கிவிட்டேன்! கெட்டிக்காரத்தனம் என்று பெருமை வேறு.

பிறகுதான் 'சம்மர் ஆஃப் 58' விஷயம் கண்ணில் பட்டது. எமிகா கேம்ஸ் என்ற பெயரில் தனியாளாகச் செய்த திகில் கேம், இரண்டு மணி நேரம்கூட வராது. நிறையப் பேர் முடித்துவிட்டு, நல்லா இருக்கு என்று எழுதியும் விட்டுக் காசைத் திருப்பி வாங்கியிருக்கிறார்கள். 2021 ஓகஸ்டில் அவர் இந்தத் தொழிலையே விட்டுக் காலவரையின்றி விலகுவதாக அறிவித்தார். ரொட்டி முழுவதையும் தின்றுவிட்டு வெந்தது பற்றாது என்று தட்டைத் திருப்பிக் கொடுத்த மாதிரிதான் நானும் செய்திருக்கிறேன். அடுத்த தள்ளுபடியில் 'கோன் ஹோம்' கேமைத் திரும்ப வாங்கினேன். இன்னும் திறக்கவில்லை, சும்மா கிடக்கிறது.

பொகவந்தலாவை:

நீங்கள் எல்லாம் 15 டொலருக்கு இவ்வளவு யோசிக்கிறீர்கள். நான் போனில் இலவசம் என்று ஒரு சுடுகிற கேமை இறக்கி, துப்பாக்கிக்குச் சட்டை மாற்றவும் ஆளுக்குத் தொப்பி போடவும் நூறு, இருநூறு என்று ரீலோட் காசைப் போட்டேன். ஒரு வருடக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் நாலு 'வெண்பா' வாங்கியிருக்கலாம். தொப்பி மட்டும் நல்ல தொப்பி.

கண்டிக் கணக்கன்:

சரி, தம்பி, அம்மா கேட்டதற்கு என்ன பதில் சொன்னீர்கள்?

தலவாக்கலைத் தம்பி:

சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதலிலிருந்து மறுபடி போட்டேன். விலை கூடுதல்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை; தள்ளுபடி வரும்வரை பொறுத்திருக்கலாம். ஆனால் இரண்டாம் தடவைக்குத் தனியாக யாரும் காசு கேட்கவில்லை. அன்றைக்குப் பக்கத்துக் காம்பராக்காரர்களும் வந்துவிட்டார்கள். குழலில் சில்லு போடும் இடத்தில் அம்மா சொல்லச் சொல்ல நான் பொத்தானை அழுத்தினேன். அப்பா கதிரையை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பாதியில் அண்ணன் வீடியோ கோல் எடுத்தான். அம்மா போனை டிவிப் பக்கம் திருப்பிப் பிடித்து, "பேசாம பாரு, முடியப் போகுது" என்றார்.