புதுப்பிப்பு: நான்கு பேர் குடும்பம் முழுநேரமும் வாழ எந்த வண்டி? முடிவு செய்துவிட்டோம்

பழைய பஸ்ஸை வீடாக்குவதா, டிராவலர் வேனா, காருக்குப் பின்னால் இழுக்கும் கேரவனா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நீளமான வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) உள்ள ஃபோர்ஸ் டிராவலர் வேனை எடுத்துவிட்டோம்.

கைகொடுத்தது காட்பாடி அண்ணன் சொன்ன யோசனைதான். மொட்டை மாடியில் வண்டியின் உள்ளளவுக்குச் சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு நாள் முழுக்க அதற்குள்ளேயே சமைத்து, சாப்பிட்டு, படுக்கச் சொன்னார். பிள்ளைகள் படிக்க உட்கார்ந்தால் அடுப்புப் பக்கம் போக வழியே இல்லை என்று அங்கேதான் தெரிந்தது. உடனே அடுக்குக் கட்டில், மடக்கு மேசை என்று மாற்றினோம். பஸ்ஸில் இடம் தாராளம். ஆனால் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் என் மனைவியும் ஓட்ட வேண்டுமே, அதனால் அதை விட்டோம்.

அப்புறம் பதிவு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருப்பதால் நம் இஷ்டத்துக்கு வண்டியை மாற்ற முடியாது. வீடு போல வாழும் வண்டிகளுக்கான (மோட்டார் கேரவன்) தர விதியான ஏஐஎஸ் 124-இன்படி ஒப்புதல் பெற்ற கட்டுமானமா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

எதிர்பாராதது வேலூர் வெயில். 12 வோல்ட், 200 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரியில் சுமார் இரண்டரை யூனிட்தான் இருக்கும். ஒரு கிலோவாட் இழுக்கும் ஏசி இரண்டரை மணி நேரத்தில் அதைக் காலி செய்துவிடும். கூரைக்கு வெப்பத்தடுப்பு போட்ட பிறகுதான் பகலில் உள்ளே உட்கார முடிகிறது. அக்னி நட்சத்திரத்துக்கு ஜவ்வாது மலைப் பக்கம் போய்விடுவதாக இருக்கிறோம்.