நெஞ்சு படபடப்பும் உள்ளங்கை வேர்வையும்

சித்தி: மேடை ஏறுறதுக்கு முன்னாடி நெஞ்சும் படபடன்னு அடிக்குது, உள்ளங்கையும் வேர்க்குது. ரெண்டுக்கும் ஒரே நரம்பா? கண்ணு, நீ படிக்கிறது இதைத்தானே?

அக்கா: இதேதான் சித்தி. ரெண்டுமே பரிவு நரம்பு, அதாவது பயம், பதற்றம் வந்தா நம்மளைக் கேட்காமலே உடம்பை உசுப்புற நரம்பு. கருவுல முதுகுப் பக்கம் ‘நரம்பு முகடு’ன்னு ஒரு செல் கூட்டம் இருக்கும். அதுலேருந்து நகர்ந்து வந்து பெருந்தமனி பக்கத்துல தங்குற செல்கள்தான் பரிவு நரம்பா வளரும்.

தம்பி: தமனி பக்கத்துல எதுக்கு?

அக்கா: தமனிச் சுவர் பிஎம்பி-ன்னு ஒரு புரதத்தைச் சுரக்குதுடா. அது கிடைச்சதும் பாக்ஸ்2பி, ஏஎஸ்சிஎல்1 மரபணுக்கள் இயங்க ஆரம்பிக்கும். அதுங்க தயாரிக்கிற புரதம் டிஎன்ஏ-வுல போய் ஒட்டி ஹேண்ட்2, காட்டா3-ன்னு அடுத்ததுங்களை எழுப்பும். கடைசியா, நரம்பு செய்தி அனுப்ப விடுற நார்அட்ரினலின்ங்கிற ரசாயனத்தைத் தயாரிக்கிற நொதிகள் வரும். எலியில பாக்ஸ்2பி-யை நீக்கிட்டா பரிவு நரம்பு முடிச்சே உருவாகாது!

மாமா: மத்த செல்லுல அந்த மரபணு இருக்காதாம்மா?

அக்கா: இருக்கும் மாமா, ஆனா தோல் செல்லுல அது மூடியே கிடக்கும்.

சித்தி: வேர்வைக்கு வாயேன்

அக்கா: எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமே அதுதான் சித்தி 😍 இதயத்துக்குப் போற பரிவு நரம்பு கடைசிவரைக்கும் நார்அட்ரினலின்தான் விடும். எலியில வேர்வைச் சுரப்பிக்குப் போறதும் முதல்ல அப்படித்தான் இருக்கும். சுரப்பியைத் தொட்டப்புறம் அங்கேருந்து வர்ற சமிக்ஞையால நரம்போட மரபணு இயக்கமே மாறிப் போகும். பழைய நொதிகள் குறைஞ்சு, அசிட்டைல்கோலின்ங்கிற வேற செய்தி ரசாயனத்தை விட ஆரம்பிச்சிடும்.

தம்பி: சுரப்பிதான் மாத்துதுன்னு எப்படித் தெரியும்? நரம்பு தானாவே மாறியிருக்கலாமே

அக்கா: சரியான கேள்வி. 1988-ல எலிப் பாதத்து வேர்வைச் சுரப்பிகளை எடுத்து, முடி இருக்கிற தோல் பகுதியில ஒட்டிப் பார்த்தாங்க. அந்தப் பகுதி நரம்பு வழக்கமா அசிட்டைல்கோலினுக்கு மாறவே மாறாது. சுரப்பி வந்ததும் மாறிடுச்சு.

தம்பி: அடேங்கப்பா 👏

மாமா: இதைத் தெரிஞ்சுக்கிட்டா வைத்தியத்துக்கு உதவுமா?

அக்கா: உதவுது மாமா. சின்னக் குழந்தைங்களுக்கு வர்ற நியூரோபிளாஸ்டோமா புற்றுநோய், இந்தச் செல்கள் பாதி வளர்ச்சியிலேயே நின்னு பெருகுறதால வர்றது. சிலருக்கு எம்ஒய்சிஎன் மரபணு பல நகலா இருக்கும், அது கடுமையான வகை. அதுக்குக் கொடுக்கிற மருந்துல ஒண்ணு ரெட்டினாயிக் அமிலம். மத்த சிகிச்சைக்கு அப்புறமும் மிச்சமிருக்கிற புற்றுநோய் செல்களை முழு நரம்பா முதிர வைக்கத்தான் அதைக் கொடுக்கிறாங்க.