பின்னைக் கழற்றாதீர்கள் – வெளிநாட்டுத் தத்தெடுப்பில் எங்கள் மூன்று வருடம் எட்டு மாதம்

முதல் விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து மகள் வீட்டுக்கு வர மூன்று வருடம் எட்டு மாதம் ஆயிற்று. இப்போது காத்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பயந்தது ஒன்று, எங்களைப் படுத்தி எடுத்தது இன்னொன்று. தகுதியில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்றுதான் பயந்தேன். கடைசியில் அலைய வைத்தது தேதிகள். மருத்துவச் சான்றிதழ், போலீஸ் கிளியரன்ஸ், சம்பளச் சான்று, ஹோம் ஸ்டடி அறிக்கை (சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து எங்களைப் பற்றி விசாரித்து எழுதுவது) என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆயுள் உண்டு, ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதி ஆகிவிடும். போலீஸ் கிளியரன்ஸ் மட்டும் மூன்று தடவை வாங்கினோம். அதனால் ஆர்வத்தில் எல்லாவற்றையும் முதல் வாரமே வாங்கிக் குவிக்காதீர்கள். வர நாளாகும் காகிதத்துக்கு முதலில் விண்ணப்பியுங்கள், சீக்கிரம் காலாவதி ஆவதைக் கடைசியில் வாங்குங்கள். காலாவதித் தேதிகளை மட்டும் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்தோம், அதற்கப்புறம்தான் தலைவலி குறைந்தது.

அடுத்து அப்போஸ்டில், அதாவது நம் ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்ட நம் அரசு தரும் சான்று. 1961-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் இரண்டு நாடுகளும் இருந்தால் அந்த ஒரு சான்றே போதும், இல்லையென்றால் தூதரகம் வரை போய் முத்திரை வாங்க வேண்டும். எங்களுக்கு அது ஒழுங்காகவே கிடைத்தது. கெடுத்தது நான்தான். திருமணச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, மேலே அப்போஸ்டில், மூன்றையும் சேர்த்துப் பின் அடித்து, மடித்த ஓரத்தில் பாதி முத்திரை ஒரு தாளிலும் பாதி மறுதாளிலும் விழும்படி குத்தியிருந்தார்கள். ஸ்கேன் நேராக விழவில்லையே என்று பின்னைக் கழற்றி, முடிந்ததும் அதே ஓட்டையில் திரும்பக் குத்தினேன். முத்திரையின் இரண்டு பாதியும் ஒரு நூல் அளவு விலகிவிட்டது. ஃபைலை வாங்கியவர் அந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மன்னிக்கணும், இது செல்லாது என்றார். ஆறு வாரம் போயிற்று. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

பெயர் எழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்து கூடுதலாக இருந்ததால் இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று என் கணவர் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஹோம் ஸ்டடிக்கு வருபவர் மூலை முடுக்கெல்லாம் தூசி பார்ப்பார் என்று யாரோ சொல்லி வைத்தார்கள், இரண்டு நாள் தேய்த்துக் கழுவினேன். வந்த சமூகப் பணியாளர் தரையைப் பார்க்கவே இல்லை. "சின்ன வயதில் நீங்கள் தப்பு செய்தால் வீட்டில் என்ன செய்வார்கள்?" என்று கணவரிடம் கேட்டார். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் எனக்கே இத்தனை வருடமாகச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அந்தக் கேள்விக்காகவே அந்த அம்மாவுக்கு நன்றி சொல்வேன்.

எங்கள் ஃபைல் குழந்தையின் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு பதினாறு மாதம் எந்தச் செய்தியும் இல்லை. அந்தச் சமயத்தில்தான் ஒருவர், குழந்தைகள் இல்லத்திலேயே நேராகப் பேசிச் சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்று வந்தார். தயவுசெய்து யாரும் இப்படிப் போகாதீர்கள். 1993-ஆம் ஆண்டு ஹேக் தத்தெடுப்பு ஒப்பந்தத்தை அன்றுதான் முழுசாக உட்கார்ந்து படித்தேன். குழந்தையின் சொந்த நாட்டிலேயே ஒரு குடும்பம் கிடைக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும், தாயின் சம்மதத்தைக் குழந்தை பிறந்த பிறகுதான் வாங்க வேண்டும், அதற்குப் பணமோ வேறு எதுவுமோ கைமாறியிருக்கக் கூடாது. இதெல்லாம் உறுதியாகும் முன் குழந்தையை வைத்திருப்பவர்களோடு நாம் தொடர்பு கொள்ளவே கூடாது. வெறும் தாமதம் என்று நான் நினைத்த பல மாதங்கள், ஒரு தாயிடம் அவசரப்பட்டு கையெழுத்து வாங்கிவிடாமல் இருப்பதற்கான மாதங்கள். இது புரிந்த பிறகும் அழுதேன், ஆனால் கோபம் போய்விட்டது.

இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. நாடுகள் கதவைச் சாத்தலாம். எத்தியோப்பியா 2018-இல் வெளிநாட்டவர் தத்தெடுப்பதை நிறுத்தியது. சீனா 2024-இல் நெருங்கிய உறவினர் தத்தெடுப்பு தவிர மற்றதை நிறுத்தியபோது, குழந்தையின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு 2020 முதல் காத்திருந்த குடும்பங்கள் இருந்தன. அவர்களை நினைத்தால் எனக்கு இன்னமும் வயிற்றைப் பிசைகிறது.

குழந்தையின் விவரம் வந்ததும் எடை, உயரம், தலைச் சுற்றளவு எழுதிய பக்கத்தைத்தான் முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். நாங்கள் சரி என்று சொன்ன பிறகும் இரண்டு நாடுகளின் அதிகார அமைப்புகளும் சம்மதம் தர வேண்டும், அதன் பிறகுதான் பயணம். தத்தெடுப்பு ஹேக் ஒப்பந்தப்படி நடந்தது என்று அங்கே தரும் ஹேக் சான்றிதழில் பெயரும் தேதியும் சரியா என்று அந்த இடத்திலேயே பாருங்கள், குடியுரிமைக்கு அதைத்தான் கேட்பார்கள்.

மகள் வீட்டுக்கு வந்த பிறகும் அவள் எப்படி இருக்கிறாள் என்று அறிக்கைகள் அனுப்ப வேண்டும். மூன்றாவது அறிக்கைக்குப் படம் எடுக்கும்போது மகள் கேமராவைப் பார்க்கவே மாட்டேன் என்று அடம் பிடித்தாள், முதுகு தெரியும் படத்தைத்தான் அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள். அவள் பிறப்பு பற்றிய காகிதங்களை மட்டும் எங்கள் ஃபைலோடு சேர்க்காமல், அவள் பெயர் எழுதித் தனி உறையில் வைத்திருக்கிறேன். அதில் பின் குத்தவில்லை.